பாலித்தீன் உறைக்குள் ஒரு கப்பல்

உறை கழற்றாதவர் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. புதுப்பொருள் வந்ததும் பூரித்துப்போவார். அப்புறம் அதை மனிதக் கைகளிடமிருந்து காப்பாற்றுவதையே முழுநேர வேலையாக்கிக்கொள்வார்.

கூடுவாஞ்சேரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், ஆளில்லாக் கப்பல் படிப்புக்குத் தலைவராக இருக்கும் பேராசிரியர் ஸ்ரீரங்கனைப் பாருங்கள். கரையில் உட்கார்ந்தபடியே நடுக்கடல் கப்பலைத் திருப்பப் பழகும் சிமுலேட்டர் அங்கே வந்து மூன்று வருடமாகிறது. அதன் மேல் பாலித்தீன் உறை, உறைமேல் பூப்போட்ட துணி, அறைக்குப் பூட்டு, சாவி சாரின் சட்டைப்பையில். மாணவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைப் பின்னால் கட்டி, வரிசையாக நின்று பார்த்துவிட்டு வரலாம். அதுதான் செய்முறை வகுப்பு. ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் உறை விலகும், சார் ஒற்றை விரலால் பொத்தானை அழுத்துவார், கடல் தெரியும், கைதட்டுவார்கள். கடலை மறுபடி மூடிவிடுவார்.

இறுதியாண்டு மாணவி ஜாஸ்மினுக்குத் திங்கட்கிழமை ஒரு கப்பல் கம்பெனியில் நேர்முகத் தேர்வு. சிமுலேட்டரில் ஓட்டிக்காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை சாரிடம் போய் நின்றாள்.

"அரை மணி நேரம் போதும் சார். ஒரே ஒரு தடவை திருப்பிப் பாத்துடறேன்."

"தியரில தொண்ணூத்தி ரெண்டு வாங்கியிருக்கியேம்மா. அப்புறம் எதுக்குத் தொடணும்?"

உறைமேல் மட்டும் தூசி தட்ட அனுமதி பெற்ற ஆயா கங்கையம்மாளுக்கே பொறுக்கவில்லை. "இன்னா சார், பொண்ணு கெஞ்சிகினு கீது. தொட்டா கப்பலு முழுகிடவா போவுது?"

"சும்மா இருங்கம்மா. ரிப்பேர் ஆனா யார் பதில் சொல்றது?"

திங்கட்கிழமை. தேர்வு அறையில் உறையில்லாத சிமுலேட்டர். திரையில், கப்பலுக்குக் குறுக்கே ஒரு மீன்பிடிப் படகு. என்ன செய்ய வேண்டும் என்ற விதியை ஜாஸ்மின் வரி பிசகாமல் ஒப்பித்தாள். கைகள்? பின்னால் கட்டியபடியே இருந்தன.

"திருப்பும்மா!" என்று கத்தினார் தேர்வு நடத்திய கம்பெனி அதிகாரி.

"தொடலாமா சார்?"

கேட்டு முடிப்பதற்குள் படகைக் காணோம். வேலையையும்.

விஷயத்தைக் கேட்டதும் ஸ்ரீரங்கன் நிஜமாகவே கலங்கிப்போனார். "பாத்தியா? இதே மோதல் நம்ம மெஷின்ல நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்!" என்றார். அப்போதும் ஜாஸ்மின் கைகளைப் பின்னால்தான் கட்டியிருந்தாள். அவர் பிழைத்தார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. அப்படியே உங்கள் வீட்டு டிவி ரிமோட்டைக் கொஞ்சம் எடுங்கள். கையில் சரசரவென்று சத்தம் கேட்கிறதா?

மெதுவாகப் பிடியுங்கள். உறை கிழிந்துவிடப் போகிறது.