சங்கிலிச் சம்மாட்டியின் மணிக்கூடும் என் கூலர் லொறியும்

மன்னாரில் அரிப்பு என்ற ஊரின் கரையில் ஐஸ் தொழிற்சாலை கட்டியவன் நான். கறண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் என்றிருந்த காலத்தில், தோண்டிய இடமெல்லாம் உப்புத் தண்ணீர் ஊறிய நிலத்தில், ஊரே சிரிக்கச் சிரிக்கக் கட்டினேன். மீனைக் குளிரில் ஏற்றும் கூலர் லொறி வாங்கினேன். மகளை டொக்டர் ஆக்கினேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. போயிருந்தால் இவ்வளவும் செய்ய நேரம் கிடைத்திருக்காது. ஆனாலும் எனக்காக இந்தக் கரை ஒரு நாளும் காத்திருந்ததில்லை. சங்கிலிச் சம்மாட்டி சட்டைப் பையில் கை வைத்தால் கடல் அலைகூடக் காத்து நிற்கும்.

சம்மாட்டி என்றால் எங்கள் பக்கத்தில் வள்ளமும் வலையும் வைத்திருக்கும் முதலாளி. இவரிடம் இருந்தது ஒரேயொரு வள்ளம், அதற்கும் பாதி நாள் என்ஜின் வேலை செய்யாது. ஆனால் பையிலிருந்து வெள்ளிச் சங்கிலி தொங்கும். அதன் நுனியில், பணியாரம் அளவில் ஒரு மணிக்கூடு. காலையில் வள்ளங்கள் வந்து மீன் குவிந்ததும் எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள். மூடியைத் திறப்பார், பார்ப்பார், காதில் வைத்துக் கேட்பார், ஏலத்துக்குரிய மணி ஆனதும் "ம், தொடங்கலாம்" என்பார். அதற்கு முன்னர் ஒரு சூடை மீனுக்குக்கூட ஏலம் கூற முடியாது. அவருடைய தகப்பன் காலத்திலிருந்து கரையின் வழக்கம் அதுதான்.

அந்த மணிக்கூட்டை அவர் சுத்தம் செய்யும் அழகை நீங்கள் பார்க்கவேண்டும். முதலில் சட்டையைக் கழற்றிவிடுவார், நூல் பறந்து உள்ளே விழுந்துவிடுமாம். வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு பற்சக்கரமாகக் கழற்றி வைத்து, கொக்கு இறகால் தடவுவார். ஊசி முனையில் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு வைப்பார். சொட்டு என்று சொல்வது பிழை, சொட்டின் பேரப்பிள்ளை. அந்த நேரம் வீட்டில் யாரும் தும்மக்கூடாது. வெங்காயம் தாளிக்கக்கூடாது.

அவருக்கு இந்த உலகத்தில் ஒரே எதிரி, தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று. அது வீசத் தொடங்கினால் எங்களுக்குச் சோற்றிலும் மண், தலையணையிலும் மண். காற்றில்லாத இடம் தேடி அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கட்டிலில் நுளம்பு வலைக்குள் இருந்து பார்த்தார்; காற்று வலையைத் தூக்கிக்கொண்டு போனது. ஒரு முறை அந்தோனியார் கோயிலுக்குள் போய்ப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் இருக்கும் பக்கம் இருந்துகொண்டார். ஒரு பெண் வந்து முழந்தாளிட்டு, தன் பாவங்களை விம்மி விம்மிச் சொல்லத் தொடங்கினாள். உள்ளேயிருந்து பதில் வந்தது: "பிள்ளை, மூச்சை அடக்கிக்கொண்டு சொல்லு. ஸ்குறூ பறக்குது."

அடுத்த நாள் தொட்டிக்குப் பூட்டு விழுந்தது.

போன சோளகக் காலத்தில் வந்தது வினை. ஒரு மண் துகள் உள்ளே போய், ஏலம் தொடங்கும் நேரத்தில் மணிக்கூடு நின்றுவிட்டது. காற்றின் இரைச்சலில் அது நின்றது தெரியாமல் இவர் காத்திருக்க, இவரைப் பார்த்துக் கரை காத்திருக்க, மீன் வாடியது. வெளியூர் வியாபாரிகள் கொதித்தார்கள். மீனவர் சங்கத்தின் செயலாளர், படித்த பெடியன், மரியாதையாகத்தான் சொன்னான்: நாளைக்கும் மணிக்கூடு நின்றால், இனிமேல் போனைப் பார்த்துத்தான் ஏலம்.

அன்றைக்கே சம்மாட்டியின் மனைவி என்னிடம் வந்தார். "மனிசன் சோறு தொடேல்லை, அண்ணை. அந்த மணிக்கூட்டை விட்டா இவரைக் கரையில ஆர் திரும்பிப் பாக்கப்போகினம்?"

என் மூளை அப்போதுதான் வேலை செய்தது. காற்றும் புகாத, மண்ணும் புகாத இடம் மன்னார் மாவட்டத்திலேயே ஒன்றுதான், அது என் கூலர் லொறியின் பெட்டி! கதவைச் சுற்றி நான் புதிதாகப் போட்ட றப்பர் அப்படி. விடிந்ததும் போய் இருந்து துடையுங்கோ என்று அவரிடம் சொன்னேன். றைவரிடம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. எனக்கு ஆயிரம் வேலை.

காலையில் இலுப்பைக்கடவையிலிருந்து றைவர் போன் எடுத்தான். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் லொறியை எடுத்துக்கொண்டு நண்டு ஏற்றப் போனவன்.

"முதலாளி, பெட்டிக்குள்ள சம்மாட்டி ஐயா இருக்கிறார். மேல சட்டை இல்லை. தூசி வருதாம், கதவைச் சாத்தடா எண்டு ஏசுறார்."

அந்த றோட்டெல்லாம் அவர் சக்கரங்களைத் துணியில் பொத்தி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போயிருக்கிறார். பெட்டிக் கதவில் தட்டியிருக்கலாமே அண்ணை என்று பிறகு கேட்டேன். "எந்தக் கையால?" என்றார்.

நண்டை விட்டுவிட்டு ஆளை உடனே கொண்டுவா என்றேன். ஆள் அசையவில்லை. சக்கரங்களைத் திரும்பப் பூட்டி முடித்த பிறகுதான் அசைவாராம். நண்டு விற்க வந்த சனம் லொறியைச் சுற்றி மதில் போல நின்று காற்றை மறைத்ததாம். கடைசி ஸ்குறூ இறுகி, டிக் என்ற சத்தம் கேட்டதும் ஒரு கிழவி சிலுவை போட்டாளாம்.

முன் சீற்றில் ஏறியதும் மணியைச் சரிப்படுத்தவேண்டும். போனைப் பார்க்க அவருடைய மானம் விடவில்லை. லொறியில் இருக்கும் மணிக்கூட்டைப் பார்த்துத் திருகினார். அது ஐந்து நிமிடம் முந்தி ஓடும். றைவர் பிந்தக்கூடாது என்று நான்தான் அப்படி வைத்திருக்கிறேன். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கரையில் சனம் கூடி நின்றது. செயலாளர் போனைப் பிடித்தபடி நின்றான். சட்டையில்லாத மேலோடு, சங்கிலியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு என் லொறியிலிருந்து இறங்கினார் சம்மாட்டி. பார்த்தார். காதில் வைத்தார்.

"ம், தொடங்கலாம்."

"ஐயா, போனில இன்னும் அஞ்சு நிமிசம் கிடக்கு" என்றான் பெடியன்.

சம்மாட்டி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, நீ அதைக் கடைசியா எப்ப கழட்டித் துடைச்சனீ?"

கரை சிரித்து முடிப்பதற்குள் வியாபாரிகள் விலை கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பெடியனும் சிரித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டான். அன்றிலிருந்து அரிப்புக் கரை ஐந்து நிமிடம் முந்தித்தான் நடக்கிறது.

இப்போது அவர் இந்தக் கதையைச் சொல்வதைக் கேட்டால், கொக்கு இறகுக்கு நன்றி, அந்தோனியாருக்கு நன்றி. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. லொறி என்னுடையது. றப்பர் என்னுடையது. அந்த மணிக்கூட்டில் ஓடுகிற நேரமே என்னுடையது.

அதன் பின்மூடிக்குள், அதைப் பராமரித்தவர்கள் ஊசியால் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள்: அவருடைய தகப்பன், பிறகு அவர். சாகும்போது அதைத் தன் சட்டைப் பையில் வைத்தே புதைக்கவேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியும் விட்டார். அதற்கு முன்னர் என் பெயரும் அங்கே கீறப்படவேண்டும். இதைப் பத்திரிகைக்கு எழுதிப் பகிரங்கமாகவே கேட்கிறேன். நேரில் கேட்டதற்கு, சவப்பெட்டியை மூடின பிறகு அதை ஆர் வாசிக்கப்போகினம் என்று கேட்கிறார்.

யாரும் வாசிக்கவேண்டாம், அண்ணை. உங்கள் பெயருக்குப் பக்கத்தில் கிடந்தால் போதும்.