மூன்று மல்லாட்டை

ஒரு புரதத்தால் கல்யாணம் நின்றுபோன பெண் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். (இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.)

எண்பதுகளின் கடைசி. சென்னையில் உயிர்வேதியியல் ஆராய்ச்சி மாணவி நான். செல்லின் சவ்வுக்கு உட்புறம் ஜி புரதம் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியே ஹார்மோன் கொண்டுவரும் செய்தியை உள்ளே சேர்ப்பது அதன் வேலை. ஆல்பா, பீட்டா, காமா என்று அதில் மூன்று பகுதிகள். நான் ஆல்பாவைக் கட்டிக்கொண்டு அழுதவள். (அம்மா பாஷையில், "என்னாத்தையோ படிக்கிறா.")

திருவண்ணாமலையில் வீட்டார் எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். பெயர் சேகர், மின்சார ஆபீஸில் இன்ஜினியர். பெண் பார்க்க வந்த அன்றே எனக்குப் பிடித்துப்போயிற்று. சூடு காபியில் நாக்கைச் சுட்டுக்கொண்டு, அது தெரியாமலிருக்க மனிதர் பட்ட பாடு இருக்கிறதே! ஆனால் ஒரே ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் ஆராய்ச்சியை முடிக்க விடுவாரா? தனியாகக் கேட்க வழியில்லை. அவருடைய அம்மாவும் தங்கை கோமதியும் அவரை விட்டு இம்மி நகரவில்லை.

சித்ரா பௌர்ணமிக்கு இரு வீட்டாரும் சேர்ந்து கிரிவலம் போனோம். வெயில் தாழக் கிளம்பினோம். என் தம்பி முரளி புண்ணியவான். "மெதுவா வாங்க அத்தை, என்ன அவசரம்" என்று பெரியவர்களைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டான். பாதி வழியில் இருக்கும் அடி அண்ணாமலை வருவதற்குள் நானும் சேகரும் முன்னால் போய்விட்டோம். அவர் தள்ளுவண்டியில் அவித்த மல்லாட்டை வாங்கி நீட்டினார். (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.) நிலா, மலை, பக்கத்தில் அவர். கேளுடி, கேளுடி என்று மனசு அடித்துக்கொண்டது.

அதற்குள் அவர் கேட்டுத் தொலைத்தார்: "நீங்க என்னா ஆராய்ச்சிங்க பண்றீங்க?"

முடிந்தது கதை. மடை திறந்தேன்.

"ஆல்பா சும்மா இருக்கறப்ப ரெண்டு பாஸ்பேட் உள்ள குவானோசினைக் கையில வச்சிக்கினு, பீட்டா காமாவோட ஒட்டிக்கினே கெடக்கும். பீட்டாவும் காமாவும் பிரியவே பிரியாது, உங்கம்மாவும் கோமதியும் மாதிரி. செய்தி வந்ததும் அதை வாங்கற ரிசெப்டர் ஆல்பாவை உலுக்கும். ரெண்டு உள்ளதைக் கீழ போட்டுட்டு மூணு உள்ளதைப் புடிச்சுக்கும். உடனே ஆல்பாவோட வடிவமே மாறிடும். அவங்களை விட்டுட்டுத் தனியாப் போய், பக்கத்துல இருக்கற என்சைமைத் தட்டி எழுப்பும்."

"அப்ப இது சுவிட்சுங்க."

"ஆமாங்க. ஆனா யாரும் அணைக்க வேணாம். தானே அணையும்."

"எங்க ஆபீஸ்ல கரண்டுதான் தானா போவும்" என்று சிரித்தார். "உள்ள இவ்ளோ இருக்கா! படிச்சு முடிச்சுட்டு எனக்கு முழுசா சொல்லணும் நீங்க."

"இருங்க, முக்கியமான எடம் இப்பதான் வருது" என்று அதட்டினேன். மூன்று மல்லாட்டைகளை உரித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "நீங்கதான் ஆல்பா. இது மூணு பாஸ்பேட்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, தின்னுட்டீங்களா! ஆல்பாவும் இதைத்தாங்க பண்ணும். மூணுல ஒண்ணைத் தானே வெட்டிடும். ரெண்டாச்சா, அணைஞ்சுது. திரும்பப் போய் பீட்டா காமாகிட்ட ஒட்டிக்கணும்."

"உத்தரவுங்க" என்றார். சிரித்துக்கொண்டே வந்த வழியில் திரும்பி நடந்தார்.

கிரிவலத்தில் வந்த வழியே திரும்பக் கூடாது. எங்கள் ஊர்ப் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் என் கண்ணுக்கு மலை தெரியவில்லை, செல் சவ்வுதான் தெரிந்தது. எதிரே வந்த கூட்டம் கூச்சல் போட, வளைவில் அவருடைய அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"டேய், மலை சுத்தறப்ப எதிர்ல வரியே! யார்ரா சொன்னது?"

மகா உண்மை விளம்பி! "அவங்கதாம்மா. நீயும் கோமதியும் பீட்டா காமாவாம். நான் வந்து ஒட்டிக்கணுமாம்."

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். மிச்ச தூரம் முழுக்க மகன் கையை விடவேயில்லை. அந்த வாரமே தரகர் வந்து, "பாதியில திரும்புனது நல்ல சகுனமில்லைன்னு நெனைக்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சென்னைக்குப் போகிற பஸ் செஞ்சியைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. 'படிச்சு முடிச்சுட்டு' என்றாரே! நான் கேட்காத கேள்விக்கு மனிதர் பதில் சொல்லியிருக்கிறார். நான் 'இருங்க' என்று அதட்டியிருக்கிறேன். மண்டு! குலுங்கிக் குலுங்கி அழுதேன். பக்கத்து சீட்டு அம்மாள் வாந்தி வருகிறதாக்கும் என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

பாடமும் பாதியில் நின்றுவிட்டது. மறுபடி செய்தி வந்தால் ஆல்பா மறுபடி மூன்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பும். அதை நான் சொல்லவேயில்லை. சொல்லி அனுப்பவும் தைரியம் வரவில்லை. அவர் மாற்றலாகிப் போனார், அவருக்கு வேறு இடத்தில் கல்யாணமும் ஆயிற்று. நான் டாக்டர் பட்டம் வாங்கினேன். முழுசாகச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இப்போதும் ஊருக்குப் போனால் முரளி மல்லாட்டை அவிக்கச் சொல்வான். மூன்றை உரித்து என் உள்ளங்கையில் வைத்து, "தின்னுடாதக்கா, அணைஞ்சுடுவ" என்பான். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் தின்ன மாட்டேன். மூன்றையும் முந்தானையில் முடிந்துகொள்வேன்.