பாட்டுக்குள் அம்மா

இரண்டு பாட்டை அடுத்தடுத்துப் போட்டால், சத்தமாக இருப்பதைத்தான் நம் காது நல்ல பாட்டு என்று சொல்லும். அந்த விஷயத்தில் என் காதைப் போன்ற ஏமாளியை நான் பார்த்ததில்லை.

அக்கா செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை வளர்த்த அத்தை பிரான்சிலிருந்து வந்து தலையசைத்த பிறகுதான் எல்லாம் முடிவானது. அவர் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதே எங்கள் வீட்டின் முழுநேர வேலையாக இருந்தது. இதற்கு நடுவில், வரவேற்பில் தான் மேடைக்கு நடந்து வரும்போது தன் பாட்டே ஒலிக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை.

சாரம் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுப் படுக்கையறைதான் என் ஸ்டுடியோ. (ஜன்னலுக்கு இரண்டு போர்வை, ஒரு மைக், அளவில்லாத தலைக்கனம்.) அக்காவைப் பாட வைத்து, இசையெல்லாம் கோத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினேன்.

"பாட்டு சூப்பர் மச்சான். ஆனா சினிமாப் பாட்டுக்குப் பக்கத்துல போட்டா சத்தம் கம்மியா கேக்குதே" என்றார்.

ரோஷம் வந்துவிட்டது. லிமிட்டர் என்று ஒன்று உண்டு. பாட்டில் எகிறுகிற இடங்களை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் மேலே தூக்கும். அளவாகத் தூக்கினால் அழகு. நான் தூக்கிய தூக்கில், மேடும் பள்ளமுமாக இருந்த ஒலி அலை கம்ப்யூட்டர் திரையில் செங்கல் மாதிரி நின்றது.

அப்போதுதான் அம்மாவின் குரல் கேட்டது. ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன்.

"கூப்ட்டியாம்மா?"

"நான் எங்கடா கூப்ட்டேன்?"

திரும்பி வந்தேன். புல்லாங்குழல் மட்டும் வருகிற அமைதியான இடத்தில் மறுபடியும் அதே முணுமுணுப்பு. மறுபடியும் ஓட்டம்.

"காது எதுனா கோளாறாடா உனக்கு?" என்றாள் அம்மா.

அடுத்த தடவை ஓடியபோது சமையலறையில் ஆளே இல்லை. அம்மா பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வெகுநேரமாகிறது என்றார் அப்பா. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மார்க்கெட்டில் இருப்பவள் என் காதுக்குள் எப்படிப் பேசுவாள்? நாள் முழுக்க ஹெட்போன் மாட்டி மூளை கலங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றி, கேட்டுப் பார்க்கவே பயந்து, அப்படியே அனுப்பிவிட்டேன்.

மண்டபத்தில் அக்கா நடக்க ஆரம்பித்தாள். பாட்டு தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டது போல நசுங்கி ஒலித்தது. (சத்தம் மட்டும் ஏராளம்.) புல்லாங்குழல் இடம் வந்தது. ஆளுயர ஸ்பீக்கரிலிருந்து அம்மா கணீரென்று பேசினாள்:

"ஏங்க, அந்தப் பிரான்ஸ் அத்தைக்கு எந்தக் காப்பி குடுத்தாலும் மூஞ்சி அஷ்டகோணலாப் போவுதே?"

அக்கா பாதி வழியில் நின்றுவிட்டாள். பதிவு செய்த அன்று அம்மா சமையலறையில் அப்பாவிடம் பேசியது மைக்கில் விழுந்து, பாட்டுக்கு அடியில் கிடந்திருக்கிறது. நான் எல்லாவற்றையும் தூக்கியபோது அதுவும் கூடவே எழுந்து வந்துவிட்டது. கல்யாணம் என்னால் நின்றது என்றே நினைத்தேன்.

முதல் வரிசையிலிருந்து அத்தை எழுந்தார். நேராக அம்மாவிடம் வந்தார்.

"உங்க காப்பி நல்லாத்தான் இருந்துச்சிம்மா. என் மூஞ்சியே அப்டித்தான்."

மண்டபமே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டேதான் மேடை ஏறினாள். கல்யாண வீடியோவில் அது தெளிவாகத் தெரியும்.

இப்போதும் அத்தை ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டில் காப்பி குடிக்காமல் போவதில்லை. ஒரு வாய் குடிப்பார். முகம் அதே அஷ்டகோணலாகும். அப்படியே என் அறைப் பக்கம் திரும்பி, மைக்குக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வார்:

"காப்பி பிரமாதம்!"