தீபாவளிக்கு ஒரு மிராசுதார்

பண்டிகைக் காலத்தில் ஏழைக்கு உத்தியோகம் கொடுப்பது எப்படி என்று உலக நாடுகளெல்லாம் நாணல்வெளி கிராமத்திடம் பாடம் கேட்க வேண்டும். மற்ற ஊர்களில் தீபாவளிக்கு முன்னால் சில நாள் வேலை என்றால் ஜவுளிக் கடையில் துணி மடிக்கலாம், பட்டாசுக் கடையில் பொட்டலம் கட்டலாம். நன்னிலத்துக்குப் பக்கத்திலிருக்கும் நாணல்வெளியில்தான் ஒரு பண்ணையாள் தீபாவளிக்கு மிராசுதாராகவே வேலைக்குச் சேர முடிந்தது.

சேர்ந்தவன் வீரையன். ஐப்பசி மாதம். நடவு முடிந்துவிட்டது. களையெடுப்பு பெண்களுக்கு, ஆண்களுக்கு இனி அறுவடைக்குத்தான் வேலை. ஆனால் அவனுக்குப் பெரிய கவலை குடிசையைப் பற்றியது. அது நின்ற மனை பண்ணைக்குச் சொந்தம். போ என்றால் போக வேண்டியதுதான். அடுத்தவர் நிலத்தில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே பட்டா போட்டுக் கொடுக்க அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருந்தது. வீரையனும் அவன் மனைவி காளியம்மாளும் மனுப் போட்டிருந்தார்கள். பண்ணை ஆட்சேபணை செய்யாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் இருவருடைய வேண்டுதலும்.

பண்ணை என்றால் மிராசுதார் காயாரோகணம். ஆட்சி மாறிய அன்றே கொள்கையும் மாறி, கட்சிக்கரை வேட்டி கட்டிக்கொண்ட முற்போக்காளர். உழுகிறவனுக்கே நிலம் என்று அவர் மேடையில் முழங்கும்போது அவருடைய ஆட்களே அசந்துபோய் நிற்பார்கள். நில உச்சவரம்பை அரசாங்கம் குறைத்ததும் அவர் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. இருந்த நிலத்தையெல்லாம் மைத்துனர், மருமகன், காலமாகிவிட்ட அத்தை, பிறக்கப்போகும் பேரன் என்று வாரி வழங்கிவிட்டார். தம் பெயரில் ஒரு குழி நிலம்கூட வைத்துக்கொள்ளவில்லை. அப்படி ஒரு 'தியாகம்'. உறவுக்காரர்கள்தான் போதவில்லை. ஆற்றங்கரை வயல் ஒன்று எழுதிவைக்கப் பெயர் இல்லாமல் மிஞ்சிப்போயிற்று.

காரியஸ்தர் ரெத்தினம் வீரையனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வேலை ஒண்ணு இருக்குடா. தீபாவளி முடிஞ்சு ஆபீஸர் வந்து பாத்துட்டுப் போற வரைக்கும்."

"என்ன வேலைங்க?"

"மிராசுதார் வேலை."

"அதுல என்னங்க செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. அதான் வேலை."

சம்பளம் புது வேட்டி, பண்ணை வீட்டுச் சாப்பாடு. அதற்கு மேலாக, மனைப் பட்டாவுக்கு ஆட்சேபணை சொல்லமாட்டேன் என்று காயாரோகணமே வாக்குக் கொடுத்தார். வீரையன் வேறு எதையும் யோசிக்கவில்லை. பத்திரத்தில் கைநாட்டு வைத்து அந்த ஆற்றங்கரை நிலத்தை வாங்கினான். மை காய்வதற்குள் இன்னொரு பத்திரத்தில் கைநாட்டு வைத்துத் திருப்பி விற்றான். முதலாவது சர்க்கார் பார்ப்பதற்கு. இரண்டாவது, தேதி போடாமல், பண்ணையின் இரும்புப் பெட்டிக்குள் போயிற்று.

பயிற்சி தொடங்கியது. துண்டைத் தோளில் போடுவதுதான் முதல் பாடம். வீரையன் அழகாகத்தான் போட்டான். ஆனால் காயாரோகணம் தலை தெரிந்ததும் துண்டு தானாக இறங்கி இடுப்புக்குப் போய்விட்டது. மறுபடி போட்டான், மறுபடி இறங்கியது.

"தோள்ல போடுடா, தடிப்பயலே!" என்று அவர் அதட்டினார்.

நாணல்வெளிக்கு சுயமரியாதை இப்படித்தான், உத்தரவின் பேரில் வந்து சேர்ந்தது.

அடுத்தது கேள்வி பதில். "என்ன நெல்லு போட்டிருக்குன்னு ஆபீஸர் கேட்டா?" என்றார் ரெத்தினம்.

"பொன்னிங்க. வாய்க்கா ஓரத்துல மட்டும்..."

"கெடுத்தியே! தெரியாதுன்னு சொல்லு. தெரிஞ்சிருந்தா நீ மிராசுதார் இல்லேன்னு கண்டுபிடிச்சுடுவாரு."

தீபாவளிக்கு மறுநாள், நில உச்சவரம்பைச் சோதிக்கும் சீலிங் தாசில்தார் குடையோடு வந்து வரப்பில் ஏறினார். நேர்மையானவர், அதனால் எல்லோரையும் சந்தேகப்படுவார். வீரையன் செருப்புக் காலோடு சறுக்காமல் நின்றான். வயலுக்குள் பெண்கள் குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். காளியம்மாளும் இருந்தாள்.

"என்ன நெல்லு இது?"

"ஆளுங்களைக் கேட்டாத் தெரியும் சார்."

தாசில்தாருக்குப் பாதி சந்தேகம் தீர்ந்தது. "கூலியெல்லாம் சட்டப்படி குடுக்கிறீங்களா?"

இது பயிற்சியில் இல்லாத கேள்வி. பிறந்ததிலிருந்து வீரையன் காதில் விழுந்துகொண்டிருந்த பேச்சு தானாக வாயில் வந்தது.

"கூலி என்ன சார் கூலி! பொழுது ஏறி வருதுங்க, பொழுது சாயிறதுக்குள்ள கரையேறிடுதுங்க. வாங்கித் தின்ன நன்றி உண்டா? சங்கம்னு ஒண்ணு வச்சுக்கிட்டு இதுங்க பண்ற அக்கிரமம் இருக்கே! நம்மள மாதிரி மனுஷன் பொழைக்கிறதா, வேண்டாமா?"

தாசில்தார் அசந்துவிட்டார். கொஞ்ச நஞ்சம் இருந்த சந்தேகமும் பறந்துபோயிற்று. இருந்தாலும் கடமைக்காகப் பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்டார்: "ஏம்மா, இவருதான் ஒங்க மிராசுதாரா?"

காளியம்மாள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "பேசுன பேச்சைக் கேட்டீங்கள்ல? வேற யாரா இருக்கும்?"

வீரையனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பட்டா கைக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

தை பிறந்தது. மனைப் பட்டா மனுக்களை விசாரிக்க வந்தவரும் அதே தாசில்தார்தான். வீரையனைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போடச் சொன்னார். வந்த காரியத்தைக் கேட்டதும் முகம் சிவந்தது.

"ஆத்தங்கரையில நன்செய் வச்சிருக்கிற நீங்க ஏழைங்க மனையைக் கேக்குறீங்களா?"

"சார், அந்த நெலம் என்னுது இல்லீங்க. பண்ணையோடது."

"அப்ப அன்னிக்கு எங்கிட்ட பொய் சொன்னீங்களா? சர்க்கார் அதிகாரிகிட்டப் பொய் சொன்னா எங்க கொண்டுபோய் வைப்பாங்க தெரியுமா?"

வீரையன் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டான்.

"இந்த மிராசுதாருங்களே இப்படித்தான்" என்று தாசில்தார் குமாஸ்தாவிடம் வருத்தப்பட்டார். "ஏழைக்கு வர்றதையும் விடமாட்டாங்க." மனு தள்ளுபடி ஆயிற்று.

வீரையன் பண்ணை வீட்டுக்கு ஓடினான். காயாரோகணம் அமைதியாகக் கேட்டார்: "நான் ஆட்சேபணை பண்ணினேனா? சொல்லு."

"இல்லீங்க."

"அவ்வளவுதான். வாக்குன்னா வாக்கு."

தாசில்தார் அத்தோடு விட்டாரில்லை. வீரையன் கேட்ட அந்த மனை தகுதியுள்ள ஏழைக்குப் போய்ச் சேர வேண்டுமே! கணக்கையெல்லாம் அலசிப் பார்த்தார். மற்றவர்களுக்கெல்லாம் மனை கொடுத்தாகிவிட்டதால், தம் பெயரில் ஒரு குழி நிலம்கூட இல்லாத மனிதர் நாணல்வெளியில் ஒரே ஒருவர்தான் மிச்சம் இருந்தார். அவர் மனுகூடப் போடவில்லை. கேட்காத ஏழையையும் தேடிப் பிடித்து உதவுவதல்லவா நல்லாட்சி?

பள்ளிக்கூட மைதானத்தில் விழா. ஒலிபெருக்கி முழங்கியது: "நிலமற்ற ஏழை திரு. காயாரோகணம் அவர்களுக்கு மிராசுதார் திரு. வீரையன் அவர்கள் தம் பொற்கரத்தால் மனைப் பட்டாவை வழங்குவார்கள்!"

வீரையன் தன் குடிசை மனையை எடுத்துக் கொடுத்தான். காயாரோகணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பணிவோடு வாங்கிக்கொண்டார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அதற்குள் ரெத்தினம் குடிசையிலிருந்த சட்டி பானைகளை ஒன்றுகூட உடையாமல் ரோட்டோரம் எடுத்து வைத்துவிட்டார்.

"ஏங்க, இனிமே எங்க போறது?" என்றாள் காளியம்மாள்.

நாணல்வெளியில் நிலமற்ற ஏழைகள் யாருமே இல்லை என்று அந்த வருஷம் சர்க்காருக்கு அறிக்கை போயிற்று. அதில் பொய் ஒன்றுமில்லை. ரோட்டோரம் குடியிருக்கும் மிராசுதார் ஒருவர்தான் இருக்கிறார்.