நோர்வேயோடு கோபித்துக்கொண்ட உறுதி மிஸ்

நோர்வேயின் மேல் கோபப்பட்டவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர். யுத்தகாலத்தில் நடுவில் நின்று சமாதானப் பேச்சு நடத்தியதற்காகச் சிலர், அதை ஒழுங்காக நடத்தவில்லை என்று சிலர். ஆனால் ஒரு நாடகத்துக்காக அந்த நாட்டோடு கோபித்துக்கொண்டவர் இலங்கை முழுவதிலும் எங்கள் உறுதி மிஸ் ஒருவர்தான். யுத்தம் முடிந்த பிறகும் அந்தக் கோபம் முடியவில்லை.

புத்தளத்தில் ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில், கல்யாணமான பெண்களுக்குப் பின்னேரங்களில் ஆங்கில வகுப்பு நடத்தினார் மிஸ். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து புலிகளால் துரத்தப்பட்டபோது, வீட்டு உறுதிப் பத்திரத்தைக் குர்ஆன் உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்தவர். அதனாலோ என்னவோ, எந்தக் கதையைப் படித்தாலும் அவருடைய முதல் கேள்வி, உறுதி யாருடைய பேரில் என்பதுதான்; பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். கோபுரத்தில் இளவரசி அடைபட்டிருக்கிறாள் என்றால், கோபுரம் யாருடைய பேரில்? கல்யாண வீட்டில் பலர் சேர்ந்து சாப்பிடும் சஹனைச் சுற்றி உட்கார்ந்து, முதல் பிடி சோற்றை எடுக்குமுன் பெண்ணின் தாயிடம் இதைக் கேட்டுவிடுவார். மாப்பிள்ளை வீட்டார் இவரைக் கண்டாலே வேறு சஹனுக்கு மாறிவிடுவார்கள்.

அப்படிப்பட்டவரின் கையில் அந்தப் பழைய நோர்வே நாடகம் ஆங்கிலத்தில் கிடைத்தது. புருஷன் பெண்சாதியைக் குருவி என்றும் அணில் என்றும் கொஞ்சுகிறான். ஒரு சோதனை வந்ததும் தன் மானத்தை மட்டும் பார்க்கிறான். கடைசியில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். உலகமே கைதட்டிய இடம் அது. மிஸ் புத்தகத்தைத் தூக்கி மேசையில் அடித்தார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் பெண்ணுக்குத்தான் வீடு எழுதுவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து குடியேறுவார். அப்படியிருக்கச் சண்டை வந்தால் யார் போக வேண்டும்? அங்கே வீடு ஆணுடையது என்று, அவரிடம் படித்துக்கொண்டிருந்த நான் விளக்கப் பார்த்தேன். பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கட்டிக்கொடுக்க அது என்ன நாடு என்று என்மேலேயே பாய்ந்தார்.

"இது மொழிபெயர்த்தவன்ட பிழை, புள்ள. 'அவன் போனான்' எண்டுதான் இருந்திரிக்கும். ஆம்பிளதானே, 'அவள்' எண்டு மாத்திப் போட்டான்."

அன்று முதல் யாராவது திருத்தி மொழிபெயர்ப்பார்கள் என்று காத்திருந்தார். புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, வகுப்பில் படித்த ஒருத்தியின் கூடப்பிறந்த நானாவை லண்டனிலிருந்து அனுப்பச் செய்தார். இந்த முறை மொழிபெயர்த்தவர் ஒரு பெண். மிஸ்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. பார்சலைப் பிரித்து, நின்றபடியே கடைசிப் பக்கத்தைத் திறந்தார். முகம் கறுத்தது.

"இதுலயும் அவதான் போறா" என்றார்.

அந்தக் கிழமை முழுவதும் வகுப்பில் இலக்கணம் இல்லை, நோர்வேக்கு ஏச்சு மட்டும்தான். கடைசியில் சிவப்புப் பேனையை எடுத்து, கடைசிப் பக்கத்தில் இருந்த 'அவள்' எல்லாவற்றையும் வெட்டி 'அவன்' ஆக்கினார். பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

அந்த நேரம் என் வீட்டிலும் ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. பாலாவியில் என் வாப்பா சீமெந்து லொறி ஓட்டி, இடுப்பு ஒடிந்து கட்டித் தந்த வீடு. அதை என்னைக் கட்டிய மாப்பிள்ளை தன் பேருக்கு மாற்றச் சொன்னார். விற்றுக் கொழும்பில் யாரோடோ வியாபாரம் செய்யப் போகிறாராம். முதலில் தேன் ஒழுகக் கேட்டார், பிறகு கதை பேச்சை நிறுத்தினார். ஒருநாள், கையெழுத்து வை, இல்லாவிட்டால் வெளியே போ என்றார். என்ன துணிச்சல் பாருங்கள்! அதைவிட மோசம் நான். பையைக் கட்டி, கதவைப் படாரென்று சாத்தி, அந்த நோர்வேக்காரியைப் போல் தலையை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன். கற்பிட்டியில் இருக்கும் என் மூத்தவள் ராத்தாவிடம் போகுமுன் மிஸ்ஸிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று வகுப்புக்குப் போனேன்.

"என்ன பேக்?" என்றார் மிஸ்.

"வீட்ட விட்டு வந்துட்டன், மிஸ்."

"யார்ட வீட்ட?"

மிஸ் வகுப்பைக் கலைத்தார், ஒரு கையில் என் பையையும் மறு கையில் அந்தப் புத்தகத்தையும் தூக்கினார், என்னை ஒரு த்ரீவீலருக்குள் தள்ளினார். பாலாவி வரைக்கும் உறுமிக்கொண்டே வந்தார். உப்பளம் தெரிந்த இடத்தில்தான் குரல் இறங்கியது.

"நான் ஒருக்கா வெளியேறினவ, புள்ள. துவக்க நீட்டி, போ எண்டானுகள், போனம். ஒரு வெத்து மனுசன் வாயால சொன்னதுக்கு நீ போறியா?"

வீட்டில் என் மாப்பிள்ளை கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் டிவியை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை நீட்டினார். மாப்பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாது. என்னை மொழிபெயர்க்கச் சொன்னார் மிஸ். திருத்திய பக்கத்தை நான் தமிழில் சொன்னேன்: அவன் பையை எடுக்கிறான், அவன் போகிறான், கதவு சாத்தப்படுகிறது. சிவப்பு மையைப் பார்த்து அவர் மிரண்டுபோனார்.

"இது எந்த நாட்டுச் சட்டம்?" என்றார்.

"நோர்வே" என்றார் மிஸ்.

சமாதானப் பேச்சுக் காலத்திலிருந்தே நோர்வே எதற்குள்ளும் தலையிடும் என்று நம்பியவர் என் மாப்பிள்ளை. என் உடுப்பைக் கொட்டிவிட்டு, அதே பையில் தன் சாரன்களை அடுக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனார். நோன்புக்கு முன் திரும்பி வந்து கதவைத் தட்டினார். உறுதியைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று சொன்ன பிறகுதான் திறந்தேன்.

பிறகு மிஸ் மன்னாருக்கே திரும்பிவிட்டார். வீட்டுக்குள் மரம் முளைத்து, கூரையும் கதவு நிலைகளும் காணாமல் போயிருந்தனவாம். காட்டை வெட்டிக் கட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். போனேன். உள்ளே என்னை இருத்திவிட்டு, புதுக் கதவைக் காட்டினார்.

"ஒருக்காச் சாத்துங்க புள்ள, கேப்பம்."

உள்ளே நின்றபடியே சாத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொருமுறை என்றார். சாத்திக்கொண்டே இருந்தேன். அன்று அந்த வீட்டை விட்டு வெளிக்கிட எனக்கு மனமே வரவில்லை.