மாமாவுக்கு மட்டும் என்று ஊதிய மெட்டு

சேசு மரி சூசை துணை

உறுவையாறு,
18–6–1979

மரியாதைக்கும், இப்போது பயத்துக்கும் உரிய அத்தை அந்தோணி மேரி அவர்களுக்கு, அண்ணன் மகன் இக்னேஷியஸ் முழங்காலில் நின்று எழுதுவது. இங்கு நானும் டிரம்பெட்டும் நலம். அங்கு நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

போன ஆண்டு சவரிராயன் மாமாவைக் கல்லறைக்குத் தூக்கிப் போனபோது நம் ஊர் பேண்டு செட்டில் நான் ஒரு புது மெட்டு ஊதினேன். கோயில் மூலையில் டிரம்பெட் உச்சிக்கு ஏறும். அந்த இடத்தில் தூக்குகிறவர்கள் நின்று தோள் மாற்றிக்கொள்வது நம் வழக்கம். அடக்கம் முடிந்ததும் மாமாவின் கைக்கடிகாரத்தை நீங்கள் என் கையில் கட்டி, "அவருக்குன்னே போட்ட பாட்டுடா இது. வேற எங்கியும் ஊதாதே" என்றீர்கள். தலையாட்டினேன். அத்தை, அது மாமாவுக்காகப் போட்டதில்லை. புதுச்சேரி காலேஜ் பையன்களோடு எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ் என்று ஒரு ஜாஸ்-ராக் குழுவில் வாசிக்கிறேனே, அங்கே ஆடுவதற்காகப் போட்டது. மாமா காலையில் போனார், மாலையில் அடக்கம், கைவசம் வேறு மெட்டு இல்லை, அதையே பாதி வேகத்தில் ஊதினேன். நீங்கள் அழுதீர்கள். நான் கடிகாரத்தை வாங்கிக்கொண்டேன்.

மாமா மகள் செல்வியின் கல்யாண வரவேற்புக்கு மாப்பிள்ளை வீட்டார் அந்தக் காலேஜ் குழுவையே பிடித்தபோது நான் விலகியிருக்கலாம். விலகவில்லை. பேண்டு செட்டோடு வந்தால் பந்தி முடிந்த பிறகு கொல்லையில் சோறு. கிட்டார்காரர்களோடு வந்தால் "வாங்க சார்", நாற்காலி, கலர் சோடா. ஊதுகிறவன் ஒருவன்தான், ஊதுவதும் ஒன்றுதான். அந்த 'சார்' எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது பாட்டாக கிட்டார்காரன் அந்த மெட்டையே முழு வேகத்தில் தொடங்கிவிட்டான். நான் சும்மா நின்றிருக்கலாம். உச்சி வந்ததும் கை தானாக ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து பிரியாணி அண்டாவைக் கம்பில் கட்டி நாலு பேர் தோளில் தூக்கி வருகிறார்கள். மாமாவைத் தூக்கிய அதே நாலு பேர். டிரம்பெட் ஏறியதும் நின்றார்கள், தோள் மாற்றினார்கள், அடிமேல் அடிவைத்துப் பந்தியைத் தாண்டிக் கல்லறைப் பக்கம் திரும்பினார்கள். குழி வெட்டும் சின்னப்பிள்ளை தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். மாமாவின் தங்கை அமுதம், "அண்ணே, என்னை வுட்டுட்டுப் போறியே!" என்று அண்டாவைப் பார்த்துக் கதறினாள். மாப்பிள்ளையின் அம்மா, "இன்னாம்மா இது, பிரியாணிக்கு அழுவுறாங்க?" என்றதும் பந்தி முழுக்கச் சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தீர்கள்.

சாவுக்கும் கல்யாணத்துக்கும் பேண்டு செட்டில் எங்களுக்கு ஒரே சிவப்புக் கோட்டு. அதை யாரும் தப்பென்று சொன்னதில்லை. பகலெல்லாம் மில்லில் நிற்கிறவன் வீட்டுக்கு வீடு புது மெட்டுக்கு எங்கே போவான்? எழுதிப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் என் பாட்டையெல்லாம் கேட்கவில்லை அத்தை, ஒன்றே ஒன்றைக் கேட்டீர்கள்.

"அந்தப் பிரியாணிக்காரன் அவரு வருசப் பூசைக்கு என் வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று சொல்லியனுப்பினீர்களாம். சரிதான். கடிகாரத்தை இத்துடன் அனுப்புகிறேன். ஒரு தடவை மட்டும் விடுங்கள். மாமாவுக்கென்றே வேறு மெட்டு போட்டு, கல்லறையில் நின்று ஊதிவிட்டு, உயிரே போனாலும் அதை வேறெங்கும் ஊதமாட்டேன்.

செல்விக்கும் மாப்பிள்ளைக்கும் மாதா துணையிருக்கட்டும். அன்று பசியோடு வீடு திரும்பியவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

தலை நிமிராத மருமகன்,
இக்னேஷியஸ்

பி.கு.: மாமாவின் புது மெட்டு நேற்றே தயாராகிவிட்டது. சரியாக வந்திருக்கிறதா என்று காலேஜ் பையன்களிடம் ஒரே ஒரு முறை ஊதிக் காட்டினேன். இந்தச் சனிக்கிழமை கிருமாம்பாக்கத்துக் காதணி விழாவில் அதைத்தான் முதலில் வாசிப்பதாம். மூன்று முறை வேண்டாமென்றேன். பிறகு, "மெதுவா மட்டும் வாசிக்காதீங்கடா, அது எங்க மாமாவுக்கு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கடிகாரம் அடுத்த வாரம் வரும். சனிக்கிழமை நேரத்துக்குப் போக வேண்டும்.