கப்பல் தங்கேஸ்வரிக்கு ஒரு தண்ணீர் மோட்டர்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பிரதம இலிகிதர் திரு. இராசநாயகம் அவர்களின் கிணற்று மோட்டர், ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், எதுவித முன்னறிவித்தலுமின்றிச் சேவையிலிருந்து விலகிக்கொண்டது. ஒரு உறுமல், கொஞ்சம் கருகல் மணம், அவ்வளவுதான். கச்சான் காற்று வீசுகிற மாதம் அது. புழுதியும் வெக்கையும் வீட்டுக்குள் வந்து கதிரை போட்டு இருக்கிற காலத்தில், மேல்தாங்கியில் தண்ணீர் இல்லாமல் குடும்பம் நடத்துவது லேசான காரியமில்லை.

கடைத்தெருவுக்குப் போய் ஒரு மோட்டர் வாங்கி வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கிற நீங்கள் கடைசியாக எப்போது கடைத்தெருவுக்குப் போனீர்கள்? கடைக்குப் போவது கைபேசி இல்லாதவர்கள் செய்கிற வேலை என்று இப்போது ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு டிலக்சன் வங்கியில் வேலை செய்கிறவன். பல் தீட்டும் பிரஷ்ஷைக்கூட இணையத்தில்தான் எடுப்பித்தான். அது வந்து சேர ஒன்பது நாள் பிடித்தது. ஒன்பது நாளும் விரலால் தீட்டினானே தவிர, சந்திக் கடைக்குப் போகவில்லை. படித்த பிள்ளைக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அவன்தான் இராசநாயகத்தாருக்கு ‘மகாகூடை’ என்ற மாபெரும் இணையக் கடையை அறிமுகம் செய்துவைத்தான். பார்த்தவுடனேயே அவருக்குப் பிடித்துப்போயிற்று. பெயர் கேட்டது, பிறந்த திகதி கேட்டது, கேட்டதையே திருப்பிக் கேட்டது, கடைசியில் பத்தொன்பது இலக்கத்தில் ஒரு கட்டளை எண்ணும் தந்தது. காணிப் பத்திரங்கள் பதியும் ஒரு கந்தோரில் முப்பத்துநாலு வருடம் இருந்தவர் அவர். முதல் தடவை வந்த எவருக்கும் அவர் ஒப்பம் வைத்துக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அப்படிப்பட்டவருக்கு இந்தக் கடை தன் சொந்தக் கந்தோர் மாதிரியே தெரிந்தது. அந்த எண்ணை டயறியில் எழுதி, சிவப்புப் பேனையால் அடிக்கோடு போட்டார்.

அவருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு. பாரம் தூக்கக்கூடாது என்று வைத்தியரின் உத்தரவு இருந்தது. ஆகவே கிணற்றில் அள்ளும் பொறுப்பு, முழங்காலில் சத்திரசிகிச்சை செய்திருந்த அவருடைய மனைவி தங்கேஸ்வரியின் தலையில் விழுந்தது. ஏழு நாள் பார்ப்பேன், எட்டாம் நாள் என்னைக் காண மாட்டீர்கள் என்று அவர் வாளியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். இராசநாயகத்தார் அதையும் டயறியில் குறித்துக்கொண்டார்.

மோட்டரின் பயண விவரம் நாள்தோறும் கைபேசிக்கு வந்தது. கொழும்பில் புறப்பட்டது. கந்தளாய் வந்தது. கந்தளாயில் இரண்டு நாள் நின்றது. குளம் பார்க்கப் போயிருக்கும் என்றார் தங்கேஸ்வரி. பிறகு யாரும் எதிர்பாராத விதமாகக் கொழும்புக்கே திரும்பிப் போய், ‘உங்கள் மகிழ்ச்சி உங்களை நோக்கி விரைந்துகொண்டிருக்கிறது’ என்று அங்கிருந்து ஒரு செய்தியும் அனுப்பியது.

எட்டாம் நாள் காலை தங்கேஸ்வரி இரண்டு பைகளோடு வாசலில் நின்றார்.

“இஞ்சருங்கோ, நான் குச்சவெளிக்கு அக்கா வீட்ட போறன். பைப்பில தண்ணி வந்தாப் பிறகு வந்து கூப்பிடுங்கோ. அதுக்கு முதல் வர வேண்டாம்.”

கடற்கரை வீதியால் போகிற பஸ்ஸில் ஏறிப் போயும் விட்டார். நாற்பது வருடத்தில் தங்கேஸ்வரி கோபித்துக்கொண்டு வீட்டு வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. இராசநாயகத்தார் குசினிக்குள் போய் நின்று பார்த்தார். அடுப்பு இருந்தது, கேத்தல் இருந்தது, தேத்தண்ணீர் எப்படி ஊற்றுவது என்பது மட்டும் தெரியவில்லை. அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அது தேத்தண்ணீருக்காக வந்த அழுகை மட்டுமல்ல.

அன்றைக்கே மகாகூடைக்குத் தொலைபேசி எடுத்தார். நாற்பது நிமிடம் நாதஸ்வரம் கேட்டபிறகு ஒரு பெண்குரல் வந்தது.

“வணக்கம் சேர். வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு. நான் கீர்த்தனி.”

“பிள்ளை, என்ர மோட்டர் ஏன் கந்தளாயால திரும்பினது?”

“உங்கட முகவரி துறைமுக வலயத்துக்குள்ள வருது சேர். அந்த வலயத்தில கப்பலுக்கு மட்டும்தான் பொருள் குடுக்கலாம். கப்பலின்ர பேரைத் தந்தீங்கள் எண்டா அனுப்பிவிடுவம்.”

“நான் வீட்டில எல்லே இருக்கிறன். அறுபத்தாறு வருசமா இஞ்சதான் இருக்கிறன்.”

“அதற்காக வருந்துகிறோம் சேர்.”

“அப்ப திரும்பவும் கந்தளாய்க்கு அனுப்புங்கோ, நான் வந்து எடுக்கட்டோ?”

“கப்பல் வந்துதான் எடுக்க வேணும் சேர்.”

கந்தளாயில் கடல் இல்லை, குளம் மட்டும்தான் உண்டு என்று எடுத்துச் சொன்னார். அது வேறு பிரிவுக்குரிய விடயம் என்றாள் கீர்த்தனி. குரலில் கோபமில்லை, அவசரமில்லை, இரக்கமும் இல்லை. இராசநாயகத்தாருக்கு ஆத்திரம் வரவேண்டிய இடம் இது. ஆனால் வரவில்லை. பத்திரத்தில் எல்லையாக எழுதியிருந்த வேப்பமரம் பட்டுப்போனதால் காணியே இல்லை என்று ஒரு மனிதரைப் பதினொரு தடவை திருப்பி அனுப்பியவர் அவர். தன் குரலையே கேட்ட மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளை நன்றாக வருவாள் என்று நினைத்துக்கொண்டு தொலைபேசியை வைத்தார்.

கைபேசிக்குக் கப்பல் படிவம் வந்தது. பொய் எழுதுவதும் படிவத்தில் வெற்றிடம் விடுவதும் அவருடைய அகராதியில் ஒரே குற்றம். ஆகையால் நெடுநேரம் யோசித்தார். இந்தக் குடும்பத்தின் பாரத்தையெல்லாம் சுமந்து இத்தனை வருடம் ஓடியது எது என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தார். பிறகு நடுங்காத கையால் நிரப்பினார்.

கப்பலின் பெயர்: தங்கேஸ்வரி. வயது: அறுபத்தொன்று. கடைசியாகப் பழுது பார்த்தது: கடந்த வருடம், வலது முழங்கால். நிறை: உரியவரிடம் கேட்டு அறிவிக்கப்படும். தற்போது நிற்குமிடம்: குச்சவெளி. துறைமுகத்தை விட்டு நீங்கிய காரணம்: நன்னீர்ப் பற்றாக்குறை.

எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று உடனே பதில் வந்தது.

அவர் போத்தல் தண்ணீரில் முகம் கழுவுவதைக் கண்டு மனம் பொறுக்காமல், சந்தியில் ஓட்டோ ஓடுகிற றம்ஸான் அவரை ஏற்றிக்கொண்டு பிரதான வீதிக்குப் போனான். அங்கே ஸெய்னுதீன் முதலாளியின் இரும்புக்கடை. உள்ளே போனால், அதே மோட்டர், அதே பச்சை நிறம், இறாக்கைத் தட்டில் தூசியோடு இருக்கிறது.

“எடுத்துக்கிட்டுப் போங்க சேர். பூட்டிப் பாருங்க. தண்ணி இழுக்காட்டி கொண்டுவந்து தாங்க.”

“திருப்பிக் குடுக்கிறதுக்கு என்ன நடைமுறை?”

“கொண்டுவாறதுதான்.”

“படிவம்?”

“படிவம் ஒண்டும் இல்ல சேர்.”

“அப்ப நான்தான் வாங்கினனான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“இப்ப பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறன்.”

இராசநாயகத்தாருக்கு வியர்த்துவிட்டது. இலக்கம் இல்லை, பரிசீலனை இல்லை, கேட்டவுடன் தருகிறேன் என்கிறான். இதில் ஏதோ இருக்கிறது. பாலம் தாண்டிக் கிண்ணியாவிலும் ஒரு கடை இருக்கிறது என்று றம்ஸான் அங்கும் கொண்டுபோனான். அந்தக் கடைக்கார அஷ்ரப் இன்னும் மோசம். மோட்டரைத் தருவதோடு பூட்டுவதற்கு ஆளையும் இப்போதே கூடவே அனுப்புகிறேன் என்றார். இராசநாயகத்தார் பயந்துபோய் ஓட்டோவில் ஏறிக்கொண்டார்.

ஆனாலும் ஸெய்னுதீன் நல்ல மனிதர். இப்படி ஒழுங்கில்லாமல் வியாபாரம் செய்து அழிந்துபோகக்கூடாதே என்ற கவலை இராசநாயகத்தாருக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் இருந்து, குண்டு குண்டான எழுத்தில், முப்பத்திரண்டு கேள்விகள் கொண்ட ஒரு கொள்வனவுப் படிவம் தயாரித்துக் கொண்டுபோய் இலவசமாகக் கொடுத்தார். ஸெய்னுதீன் சிரித்தார். பெரிய மனிதர் தந்ததை வேண்டாமென்று சொல்லக்கூடாது என்று, அச்சடித்து மேசையில் வைத்தார். அப்போதே நீங்களும் ஒன்று நிரப்பி மோட்டரை எடுத்துப் போங்களேன் என்றும் கேட்டார். ஓரிடத்தில் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்க இன்னோரிடத்தில் வாங்குவது நடைமுறைக்கு மாறானது என்று இராசநாயகத்தார் மறுத்துவிட்டார்.

மகாகூடை அடுத்த வெள்ளிக்கிழமை பதில் அனுப்பியது. ‘வாழ்த்துகள். தங்கள் பொருள் கப்பல் தங்கேஸ்வரியிடம் குச்சவெளியில் கையளிக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’

அவர் பதறிப்போய்த் தங்கேஸ்வரிக்குத் தொலைபேசி எடுத்தார். ஓம், ஒரு பொடியன் வந்து, கப்பல் எங்கே என்று கேட்டான், தங்கேஸ்வரி நான்தான் என்றேன், ஒப்பம் வாங்கிக்கொண்டு தந்துவிட்டுப் போனான் என்றார் அவர். குரல் மிகவும் குளிர்ச்சியாக இருந்தது. அக்கா கனகம்மா வீட்டுக் கிணற்றுக்கு இதுவரை மோட்டரே இருக்கவில்லையாம். அன்று பின்னேரமே பூட்டியாயிற்று. இப்போது குழாயைத் திறந்தால் கொட்டுகிறதாம். நீங்கள் இவ்வளவு அன்பாக அனுப்புவீர்கள் என்று நான் நினைக்கவேயில்லை என்றார்.

“அது எங்கட வீட்டுக்கு, தங்கேசு. கழட்டிக்கொண்டு வாருமன்.”

“அக்காவுக்குக் குடுத்ததைக் கழட்டுறதோ? எனக்கு இஞ்ச ஒரு குறையும் இல்லை. அங்க பைப்பில தண்ணி வரட்டும், பாப்பம்.”

அதற்குப் பிறகு அவர் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. மகாகூடைக்கு நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு (ஐந்துதான் போட்டார், படிவ வேலையில் குற்றம் சொல்ல ஏதுமில்லை) நேரே ஸெய்னுதீனின் கடைக்குப் போனார். போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கடைக்கு வெளியே, பக்கத்து மணிக்கூட்டுக் கடையையும் தாண்டி, வரிசை.

நடந்தது இதுதான். மகாகூடையோடு மாரடித்துக் களைத்த சனம் வேறு கடை தேடிக்கொண்டிருந்தது. படிவம் உள்ள கடை ஒன்று ஊருக்குள்ளேயே இருக்கிறது என்று கதை பரவியது. படிவம் இருந்தால் பெரிய நிறுவனம்தானே என்று எல்லோரும் வந்துவிட்டார்கள். ஓர் ஆணி வேண்டியவரும் முப்பத்திரண்டு கேள்விக்குப் பதில் எழுதினார். ஆசிரியை றிஷானா ஒரு பல்புக்காகக் கிராம அலுவலரிடம் கடிதம் எடுத்து வந்திருந்தார், யாரும் கேட்காமலே. மரக்கறிக் கடைக்காரரும் இதைப் பார்த்துவிட்டு, முருங்கைக்காய்க்கு இரண்டு பிரதிகளில் விண்ணப்பம் கேட்கத் தொடங்கியிருந்தார். பல் பிரஷ் டிலக்சன்கூட வரிசையில் நின்றான். இப்போது இதுதான் நாகரிகம் என்றான்.

இராசநாயகத்தாரின் முறை வரும்போது பசித்தது. ஸெய்னுதீன் களைத்த கண்களோடு அவருடைய படிவத்தைப் பார்த்தார்.

“சேர், பதினேழாவது வெறுமையா இருக்கு.”

பதினேழாவது கேள்வி இது: வீட்டுக்குரிய பொருளாயின், அவ்வீட்டுத் தலைவி கடை முதலாளியின் முன்னிலையில் நேரில் தோன்றி ஒப்பமிட வேண்டும். கணவன்மார் வாங்குவதும் மனைவிமார் திருப்பியனுப்புவதும் ஊர் வழக்கமாதலால், வியாபாரத்தின் பாதுகாப்புக் கருதி அவரே யோசித்து எழுதியது. எழுதியபோது அவருக்கு மிகவும் பிடித்திருந்த கேள்வி.

வரிசையில் நின்றபடியே குச்சவெளிக்குத் தொலைபேசி எடுத்தார்.

“தங்கேசு, ஒருக்கா வந்து ஒரு ஒப்பம் வைச்சிட்டுப் போம்.”

“பைப்பில தண்ணி வந்தாப் பிறகு வாறன். வந்து வைக்கிறன்.”

“தண்ணி வர மோட்டர் வேணும். மோட்டர் தர உம்மட ஒப்பம் வேணும்.”

“இப்பிடி ஒரு கேள்வியை எந்த விசரன் எழுதினவன்?”

இராசநாயகத்தார் தொலைபேசியை வைத்துவிட்டார். ஸெய்னுதீனுக்கு அவர் முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது. அவர் எழும்பிப்போய் மோட்டரை இறக்கி மேசையில் வைத்தார். இது நீங்கள் எழுதிய படிவம்தானே சேர், படிவத்தை விடுங்கள், இதைக் கொண்டுபோய் வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிடுங்கள் என்றார். இராசநாயகத்தாரின் கை, முப்பத்துநாலு வருடப் பழக்கத்தையெல்லாம் மறந்து, மெல்ல அந்தப் பெட்டியை நோக்கி நீண்டது.

அப்போது வரிசை ஒன்றாகக் குரல் கொடுத்தது. அவருக்கு மட்டும் என்ன சலுகை என்று பின்னாலிருந்து கேட்டார்கள். நாங்கள் வெயிலில் நின்று நிரப்பினது விசரிலா என்று கேட்டார்கள். தன் மனைவியை வேலைக்கு லீவு போட வைத்துக் கூட்டி வந்திருப்பதாக ஒருவர் சொன்னார். டிலக்சன் முன்னால் வந்து, மிகவும் மரியாதையாக, மோட்டரைத் தூக்கித் திரும்ப இறாக்கையில் வைத்தான்.

“குறை நினைக்காதேங்கோ ஐயா. சட்டம் எண்டா எல்லாருக்கும் ஒண்டுதானே.”

இராசநாயகத்தார் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் இரக்கமில்லை. கந்தோரில் இருந்த காலத்தில்கூட, தான் எழுதிய ஒரு படிவத்தை ஊர் இவ்வளவு கட்டுப்பாடாகக் காப்பாற்றியதை அவர் கண்டதில்லை. நெஞ்சு பெருமையில் விம்மியது. படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து ஓட்டோவில் ஏறினார். எங்கே போக வேண்டும் என்று றம்ஸான் கேட்டான். வீட்டுக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.